ரெண்டு பாட்டில்

1

இன்று தாமுவின் நினைவு நாள். என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் வரைக்கும் எறா தொக்கும் வடையும் செய்து நானே இலை போட்டேன். இந்த வருஷம் ஹாம்பர்க்கில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் கிடக்கிறேன். உள்ளே வர இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கும். பூ கூடாது, ஊதுவத்தி கூடாது, வெளியிலிருந்து ஒரு வாய் சோறு கூடாது. அதனால் படையல் போடும் வேலை எங்கள் மகன் கதிர் தலையில் விழுந்தது.

இருபத்து நாலு வயசு ஆகிறது, அரிசி களையத் தெரியாது. போனில் பார்த்துப் பார்த்து எறாவைக் கருக்கி, பால்கனியில் ஒரு தட்டில் வைத்துவிட்டுக் காக்காவுக்குக் காத்திருக்கிறான். இந்த ஊரிலும் காக்கா உண்டு. ஆனால் வந்தது ஒரு கடல்பறவை, நாட்டுக்கோழி உயரத்துக்கு. தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கண்ணாடிக் கதவைக் கொத்தியதாம்.

"நைனா ஹார்பர் ஆளு இல்ல? அதான் காக்காவ வுட்டுட்டு இத்த அனுப்ச்சிகீறாரு" என்றான், முகமூடிக்குள்ளிருந்து.

சிரித்தால் வாய்ப்புண் எரிகிறது. இருந்தாலும் சிரித்தேன்.

மதியம் டாக்டரம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். சில வாரங்களுக்கு முன் கதிரின் ஸ்டெம் செல்லை எடுத்து எனக்கு ஏற்றினார்கள். என் எலும்புக்குள் அது வேர் பிடித்ததா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியும். பிடித்திருந்தால் இந்த இரண்டு கதவையும் தாண்டி வீட்டுக்குப் போவேன். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதியம் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பிறந்தவள். தாமு ராயபுரம். ஹார்பரில் கப்பல் ரிப்பேர் ஃபிட்டராக இருந்தார். அவர் கையால் சரியான ஒரு எஞ்சினைப் பார்த்துவிட்டு ஒரு ஜெர்மன்காரர் கூப்பிட்டார். கதிருக்கு நாலு வயசாகும்போது நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். ஒரு துறைமுகத்தை விட்டு இன்னொரு துறைமுகம், அவ்வளவுதான். கிரேன் கீது, கப்பல் கீது, மீன் நாத்தமும் கீது, வேற இன்னா வோணும் உனுக்கு என்பார். எனக்கு நிறைய வேண்டியிருந்தது. காலையில் எதிர் வீட்டுக்காரியோடு தண்ணி லாரிக்குச் சண்டை போடுவதுகூட வேண்டியிருந்தது.

இங்கே என் பெயர் மல்லிகா இல்லை, ஃப்ராவ் முனுசாமி. பாஸ்போர்ட்டில் இரண்டாவது பெயராக என் அப்பா பெயர் இருப்பதால் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திருமதி முனுசாமி என்று கூப்பிடும்போதெல்லாம் செத்துப்போன எங்க அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். தாமு அவருடைய அப்பா பெயரில் ஹெர் எல்லப்பன். பிள்ளையோ ஹெர் தாமோதரன். ஒரே வீட்டு தபால் பெட்டியில் மூன்று குடும்பம். எந்த ஆபீசுக்குப் போனாலும் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேண்டும் என்று முதலில் இருந்து நிரூபிக்க வேண்டும். கதிர் எனக்கு செல் கொடுக்க வந்தபோதும் அதே கதைதான். இவர் உங்கள் மகன்தானா என்று கேட்டார்கள். பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்தது. பின்னால் பார்த்தால், என் உடம்பே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கதிர் தமிழை விட்டது ஒன்பது வயசில். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. பிள்ளைகள் பாதி யாழ்ப்பாணம், மீதி பெங்களூர் வழியாக வந்த கம்ப்யூட்டர்காரர் வீட்டுப் பிள்ளைகள். டீச்சர் நல்ல மனுஷி. வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். இவன் எழுந்து நின்று, வூட்ல டிவி கீது, பூனை கீது, நைனா கீறாரு என்று சொல்லியிருக்கிறான். மொத்த வகுப்பும் சிரித்திருக்கிறது. அன்றைக்கு மூடிய வாய். அப்புறம் எங்களிடமும் ஜெர்மன்தான். தாமு தமிழில் கேட்பார், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான், நான் நடுவில் உட்கார்ந்து எரிந்துகொண்டிருப்பேன்.

அப்பா போன சில மாதத்தில் மியூனிக்கில் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டான். தனியாக விட்டுவிட்டுப் போகிறாயே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவனும் பேசினான். அதற்கப்புறம் பண்டிகைக்கு ஒரு போன், பிறந்த நாளுக்கு ஒரு போன்.

3

நோய் வந்தது களைப்பாக. மாடிப்படி ஏற முடியவில்லை, சும்மா இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகிறது. எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறுவதை நிறுத்திக்கொண்டே வருகிறது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் ஏற்றினார்கள். கடைசியில், வேறொருவர் ஸ்டெம் செல்தான் வழி என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பொருத்தம் பார்க்க வேண்டும். கல்யாணப் பொருத்தத்தைவிடக் கஷ்டம். நம் ஒவ்வொருவர் அணு மேலும் ஓர் அடையாளம் இருக்கிறதாம், எச்.எல்.ஏ. என்று பெயர். பாதி அம்மாவிடமிருந்து வருவது, பாதி அப்பாவிடமிருந்து. தாமு கழுத்தில் மாட்டிக்கொண்டு போன ஹார்பர் பாஸ் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். கூடப் பிறந்தவர்களில் முழுப் பொருத்தம் கிடைக்கலாம். எனக்கு இருப்பது ராயபுரத்தில் செல்வி அக்கா ஒருத்திதான். அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். தானம் செய்வதாக உலகம் முழுக்கப் பெயர் கொடுத்திருக்கிறவர்களிலும் தேடினார்கள். அதில் நம் பக்கத்து ஆட்கள் ரொம்பக் குறைவாம். ஒருத்தரும் பொருந்தவில்லை.

மீதி இருந்தது கதிர். பெற்ற பிள்ளை எப்போதும் பாதிப் பொருத்தம். இப்போதெல்லாம் பாதியை வைத்தே செய்கிறோம் என்றார் டாக்டரம்மா. போன் செய்தேன். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் மறுநாள் ரயிலில் வந்து இறங்கினான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் நோயாளி படுகிற சந்தோஷம் இல்லை.

அது ஒரு வாரம்தான் நிலைத்தது. இன்னொரு ரத்தப் பரிசோதனை வந்தது. இங்கே அதற்கு ஆன்டிகோர்பர் என்கிறார்கள். கோர்பர் என்றால் உடம்பு. எதிர் உடம்பு. கதிரிடம் இருக்கும் தாமுவின் பாதியை அடையாளம் கண்டு அடிக்கிற எதிர் உடம்புகள் என் ரத்தத்தில் ஏராளமாக இருக்கின்றனவாம். பாதிப் பொருத்தம் பிரச்சினை இல்லை, அந்தப் பாதியின் மேல் எனக்கு ஏற்கெனவே பகை இருப்பதுதான் பிரச்சினை. அவன் செல்லை ஏற்றினால், வேர் பிடிப்பதற்கு முன்பே அதை என் உடம்பு அழித்துவிடலாம்.

கதிர் என்னைப் பார்த்து, எனக்கு இது முன்பே தெரியும் என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தான். வேடிக்கையாகத்தான் சொன்னான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

4

கதிர் வெளியே போன பிறகு, ஏன் வந்தது என்று கேட்டேன். பெண்களுக்கு அதிகம் வரும் என்றார். கர்ப்பத்தில் பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கொஞ்சம் கலக்கிறது. அதிலுள்ள அப்பாவின் பாதியைத் தாயின் உடம்பு அந்நியம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. கர்ப்பம் கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. அடுத்தவர் ரத்தம் ஏற்றியிருந்தாலும் வரும், முன்பு வேறு உறுப்பு மாற்றியிருந்தாலும் வரும். இவ்வளவு அதிகமாக இருப்பதால் மறுபடி கேட்கிறேன், எத்தனை கர்ப்பம் என்றார்.

முதல் தடவை கேட்டபோது ஒன்று என்று சொல்லியிருந்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், எத்தனை பசங்க என்றுதான் கேட்பார்கள். தங்காமல் போனதை யாரும் சேர்ப்பதில்லை. கதிருக்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, அவனுக்குப் பின்னால் ஒன்று, கொஞ்சம் வளர்ந்த பிறகு. அதைப் பற்றி நானும் தாமுவும்கூடப் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், மூன்று என்று முதல் முறையாகச் சொன்னேன்.

நோய்க்கு முன்னால் ரத்தம் ஏற்றியதுண்டா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். கதிர் பிறந்தபோது பாட்டில் ஏற்றினார்கள், அது குளுகோஸ். நிச்சயமாகத் தெரியுமா என்றார். தெரியும் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் தெரியவில்லை. எங்கள் பக்கம் காய்ச்சலுக்கும் பாட்டில் ஏற்றுவார்கள், வயிற்றுப்போக்குக்கும் பாட்டில் ஏற்றுவார்கள். ஊசிக்கு மேலே தொங்குகிற எல்லாமே பாட்டில்தான். உள்ளே என்ன என்று யார் கேட்டார்கள்?

5

அக்காவுக்குப் போன் செய்தேன். என்னைவிட எட்டு வயசு பெரியவள், பிரசவத்தில் கூடவே இருந்தவள். அவள் எப்போதும் போல முதலில் நாஸ்தா துன்னியா என்று கேட்டாள். நான் பாட்டில் விஷயத்தைக் கேட்டேன்.

"குளுகோஸா? யார்டி சொன்னது? ரத்தம். நீ துணி கணக்கா வெளுத்துக் கெடந்த. பொழப்பியோ மாட்டியோன்னு நான் எல்லையம்மனுக்கு வேண்டிகினு நின்னேன்."

என் ரத்தம் பி நெகட்டிவ், லேசில் கிடைக்காது. பிரசவம் பார்த்தது திருவொற்றியூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ரத்தம் வாங்க டவுனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை. போன ஆள் திரும்பி வரக் காணோம். அப்போ யார் கொடுத்தது என்றேன்.

"சத்தியம் வாங்கிகினாரு. இப்போ சொன்னா இன்னா, உன் மாமியாரும் மூலக்கொத்தளம் சுடுகாடு போயாச்சு, அவரும் இல்ல. உன் வூட்டுக்காருதாண்டி குட்தாரு, அவரு ரத்தமும் அதே குரூப்பு. மதியம் ஒரு பாட்டிலு, மறுநா ஒரு பாட்டிலு. மறுக்கா குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு கத்துறாரு, இவரு சண்ட புட்ச்சி குட்த்தாரு."

மாமியார் அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். புருஷன் ரத்தம் பெண்டாட்டி உடம்பில் ஏறினால் இரண்டு பேரும் ஒரே ரத்தம், அப்புறம் அண்ணன் தங்கச்சி கணக்கு, குடும்பம் நடத்தக் கூடாது என்பது அந்த அம்மாவின் கட்சி. ஊரெல்லாம் அப்படி நம்புகிறதா தெரியாது, அவர் நம்பினார். அதனால் தாமு பின்பக்க அறையில் போய்க் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு வந்து அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா வாங்கி வந்த சாத்துக்குடி ஜூஸைக் குடித்துக்கொண்டே, அவளுக்கு குளுகோஸ் ஏத்துறாங்கம்மா என்று சொன்னாராம். அது அப்படியே எனக்கும் குளுகோஸ் ஆகிவிட்டது.

போனை வைத்ததும் தாமுவின் ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. எங்களுக்குச் சண்டை வந்தால், கடைசியில் தோற்கிற கட்டத்தில் தாமு ஒன்று சொல்வார்: "இன்னா இருந்தாலும் நீ எனுக்கு ரத்த சொந்தம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கல்யாணத்துக்கு முன் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. போதையில் உளறுகிறார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அம்மா போன பிறகாவது என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? அவருக்கும் உள்ளூர அந்த அண்ணன் தங்கச்சி பயம் இருந்ததோ என்னவோ. உயிரோடு இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

6

அடுத்த முறை கதிர் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். கணவரின் ரத்தமா என்று இரண்டு தடவை கேட்டார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பெரிய காரணமாகவே இருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம், நோய்க்குப் பிறகு நாங்கள் ஏற்றிய ரத்தமும் சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல வழியில்லை என்றார். முதலிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்றேன். மாறாது, எப்படியும் பரிசோதித்திருப்போம் என்றார். அந்த ரத்தம் ஏறியிருக்காவிட்டால் நீங்கள் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னார். உண்மைதான். அன்றைக்கு என்னைப் பிழைக்க வைத்ததையே என் உடம்பு எதிரி என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மண்டை காய்கிறது.

கதிரிடம் ரத்தம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டேன். அவன் அப்பாவைப் பற்றி மிச்சம் வைத்திருப்பது கொஞ்சம்தான். காரணம் கர்ப்பம் என்றே இருக்கட்டும், பழி என் வயிற்றோடு போகட்டும்.

ஆனால் அக்கா வாய் சும்மா இருக்குமா? சத்தியம் உடைந்த பிறகு அவளுக்கு அது பெருமைக் கதை. கதிருக்கே போன் போட்டு, உங்க நைனா ரெண்டு பாட்டில் ரத்தம் குட்த்து உங்கம்மாவ காப்பாத்துனாரு என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். அந்த ரத்தமே இப்போது காரணமாக இருக்கலாம் என்பது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான், எந்தக் கையில் எடுத்தார்கள் என்பது வரைக்கும். அக்காவோடு ஜெர்மன் பேச முடியாது இல்லையா, அதனால் ஒன்பது வயசில் மூடி வைத்த தமிழை எடுத்தான். துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தது, தாமுவின் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டால் ராயபுரம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் என் ரத்தத்தைக் கழுவினார்கள். ஒரு மெஷின் ரத்தத்தை வெளியே இழுத்து, அதிலிருந்து மஞ்சள் தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை உள்ளே விடும். எதிர் உடம்புகள் அந்தத் தண்ணீரில் போகும். கூடவே அவற்றை உண்டாக்கும் அணுக்களை அடக்க மருந்து. கழுவினால் குறையும், சில நாளில் மறுபடி ஏறும். கதிர் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். டாக்டர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவே இல்லை. இன்னும் காத்திருந்தால் ஏதாவது தொற்று வந்து முடிந்துவிடும், வேறு ஆளும் இல்லை, தெரிந்தே இறங்குகிறோம் என்றார்கள். கையெழுத்து போட்டேன்.

7

ஏற்றிய அன்று நான் பெரிதாக ஏதோ நடக்கும் என்று நினைத்தேன். ஒரு பை, தக்காளி ரசம் மாதிரி உள்ளே கலங்கல். கம்பியில் மாட்டினார்கள், சொட்ட ஆரம்பித்தது. அவ்வளவுதான். கதிர் கவுனும் முகமூடியும் போட்டுக்கொண்டு என் காலடியில் நின்று, போனில் அக்காவுக்குச் சொன்னான்.

"பெரிம்மா, பாட்டில் ஏத்தியாச்சு."

ரத்தமா குளுகோஸா, இந்தத் தடவையாவது ஒழுங்காகக் கேட்டுக்கோ என்று அக்கா அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. அவன் அந்தப் பையை ஒரு தடவை பார்த்தான்.

"ரெண்டும் இல்ல பெரிம்மா. நான்தான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வெள்ளை அணு ஏறியதா என்று கேட்டுக்கொண்டு வருவது அவன் வேலை. இன்னும் வர்லமா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பான். வர வேண்டிய நாளெல்லாம் வந்து போய்விட்டது. போன வாரம் கொஞ்சமாக ஏதோ தலை காட்டியது. அது அவனுடையதா, என் பழையதா என்று பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மியூனிக் ஆபீசிலிருந்து போன் வந்தால் எடுக்கிறதில்லை. வேலை போய்விடும்டா என்றேன், போனா போது என்கிறான்.

8

டாக்டரம்மா வந்துவிட்டுப் போனார்.

வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை மாதமும் அவர் நின்றுகொண்டேதான் பேசுவார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தலை காட்டிய அணுக்கள் எல்லாம் என்னுடையவை, அந்த நோய் பிடித்த பழைய அணுக்கள். கதிருடையது ஒன்றுகூட இல்லை. எதிர் உடம்புகள் மறுபடி பழைய அளவுக்கு ஏறியிருக்கின்றன. இன்னொரு முறை செய்யலாமா என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்களாம். என் உடம்பு தாங்குமா என்பது ஒன்று, யாருடையதை ஏற்றுவது என்பது இன்னொன்று. வருத்தப்படுகிறேன் ஃப்ராவ் முனுசாமி என்று கையைப் பிடித்துக்கொண்டார். மல்லிகா என்று சொல்லுங்கள் என்றேன். மல்லிகா என்றார்.

கதிர் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தான். கையுறைக்குள் விரல்கள் அப்பாவுடைய விரல்கள் மாதிரியே இருக்கின்றன, கட்டையாக, நுனியில் சதுரமாக. இந்த உடம்பைக் கிழித்துப் போட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. பெற்ற பிள்ளை இவ்வளவு தூரம் வந்து வாசலில் நிற்கிறான், உள்ளே விட மாட்டேன் என்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை, முகத்தைத் தொடக் கூடாது. அப்படியே வழிய விட்டுக்கொண்டு பேசினான்.

"இன்னொரு தபா எட்த்துக்க சொல்றேன்மா. நான் ஒரு பாட்டில்தானே குட்தேன். நைனா ரெண்டு குட்தாரு இல்ல?"

ஆமாம்டா, ரெண்டு என்றேன்.